மூட்டில் தடவிய கிரீஸ்

வாளி அழுக்காயிருந்தால் ரப்பர்ப் பால் ஆலைக்குப் போகுமுன்னே உறைந்துவிடும் என்பதை நீங்கள் நன்கு அறிவீர்கள். இரசாயன ஆய்வுக்கூடத்திலும் அதுபோல ஒன்று நடந்தது.

மணலில் உள்ள சிலிக்கனைக் கொண்டு செய்யப்படுவது சிலிக்கோன். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் பேராசிரியர் கிப்பிங் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை ஆராய்ந்தார். பெரும்பயன் விளையும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. இரண்டாம் உலகப்போரில் விமான எஞ்சின்களில் ஈரம் புகாமல் காக்கும் கிரீஸாக அது உதவியது. பிறகு ஆய்வுக்கூடத்திற்கு வந்தது. கண்ணாடிக் கருவிகளின் மூட்டுகளில் காற்றுப் புகாதபடி அதைத் தடவினார்கள். சூட்டைத் தாங்கும், எதனோடும் சேராது என்று நம்பினார்கள்.

அந்த நம்பிக்கை எப்போதும் பலிக்கவில்லை. அமெரிக்காவில் பஃபலோ நகரப் பல்கலைக்கழகத்தில் சர்ச்சில், பீச்லி முதலிய அறிஞர்கள், பொட்டாசியமும் இண்டியமும் அடங்கிய ஒரு பொருளின் படிகத்தை எக்ஸ் கதிரால் ஆராய்ந்தனர். தாங்கள் போடாத ஒன்று அதில் இருந்தது! ஏழு சிலிக்கனும் ஏழு பிராணவாயுவும் மாறிமாறிக் கோத்த வளையம். அதன் நடுவே பொட்டாசியம். எங்கிருந்து வந்தது? கிரீஸிலிருந்துதான். வீரியமிக்க உலோகச் சேர்மங்கள் கிரீஸின் நீண்ட சங்கிலியை அறுத்துவிடும். அறுந்த துண்டு உலோகத்தைச் சுற்றி வளையமாக மூடிக்கொள்வதுண்டு. இதை 1993-ல் அவர்கள் வெளியிட்டார்கள்.

இத்தகைய நிகழ்ச்சிகள் பல. ருமேனிய அறிஞர் ஹைடுக் 2004-ல் அவற்றைத் தொகுத்து எழுதினார். கிரீஸை மறந்தவர், மாதக்கணக்கில் உழைத்துப் பெற்ற பொருளை வேறொன்றாக எண்ணி ஏமாறலாம். ஆகவே அதை அளவோடு தடவுகிறார்கள். சிலர் அதற்குப் பதில் டெஃப்லான் உறை போடுகிறார்கள்.

பள்ளியில் சோதனை செய்யும் பிள்ளைகளே, விடை மாறி வந்தால் குறிப்பேட்டைத் திருத்தி எழுதாதீர்கள். என்ன கலந்தது என்று முதலில் தேடுங்கள்.