பொன்னை மறுத்த ஆய்மகள்

காசு இல்லாததால்தான் முன்னோர் பண்டம் மாற்றினார்கள் என்று பாடநூல்கள் சொல்லும். என்னால் அதை முழுதாக ஏற்க முடியவில்லை. உப்புக்குச் சம அளவு நெல் வாங்கிய உமணருக்கு அது பொருந்தலாம். ஆனால் பெரும்பாணாற்றுப்படையில் உருத்திரங்கண்ணனார் காட்டும் ஆய்மகளைப் பாருங்கள். மோரை விற்றுத் தானியம் பெறுகிறாள். அது வீட்டுச் சோற்றுக்கு. நெய் என்று வரும்போது, கட்டிப் பொன்னை நீட்டினாலும் வாங்குவதில்லை. எருமை, நல்ல பசு, கரிய கிடேரி என்றே பெற்றுக்கொள்கிறாள்.

பொன் அறியாத காலமல்ல அது. யவனர் கப்பலில் பொன்னோடு வந்து முசிறியில் மிளகு ஏற்றிப் போனதை அகநானூற்றின் 149ஆம் பாட்டு சொல்கிறது. கரூரில் ரோமக் காசுகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. முல்லை நிலத்தில் பொன் சும்மா கிடக்கும். (வங்கி வட்டி பார்க்கும் நமக்கு இது விளங்காததா?) கிடேரியோ வளர்ந்து கன்று ஈனும், பால் தரும், மறுபடி நெய்யாகும்.