நகைச்சுவைக் காதற் கதைகளும் நம் எல்லைப்புறமும்

ஆண்டு விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று சங்கத்து அன்பர்கள் கேட்டபோது, வழக்கம்போல வேணாட்டு அரசர்களைப் பற்றியோ, நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணசுவாமி கோயிலில் காக்கப்பட்டு வரும் அம்மச்சிப் பிலாவைப் பற்றியோ நாம் எழுதுவோம் என்றே அவர்கள் எதிர்பார்த்திருப்பர். பகைவர் துரத்தி வந்தபோது இளவரசர் மார்த்தாண்ட வர்மர் அந்தப் பலாமரத்துப் பொந்தில் ஒளிந்து உயிர் தப்பினார் என்னும் கதையை நம் வீட்டுச் சிறுவர்களும் சொல்வர். ஆதலின், இம்முறை வேறொன்று ஒளிந்திருந்த கதையை எழுதத் துணிந்தோம். தலையணைக்கு அடியிலும், அரிசிப் பானைக்குப் பின்னாலும், பூகோளப் புத்தகத்தின் நடுவிலும் நம் வீடுகளில் மறைந்து வாழ்ந்த காதற் கதைகளின் வரலாறே அது.

காதற் கதை எனின் கண்ணீர்க் கதை அன்று. காதலனும் காதலியும் ஒருவரையொருவர் கேலி செய்து, பெரியவர்களை ஏய்த்து, தாமும் ஏமாந்து, ஈற்றில் மணமாலை சூடும் இனிய கதைகளையே இங்குக் கருதுகிறோம். புலவர் பெருமக்கள் இவற்றை இலக்கியம் என்று ஒப்புவதில்லை. பொழுதுபோக்கு என்பர், சிலர் பொழுதுகேடு என்றும் சொல்வர். அங்ஙனமாயின், பாறசாலையிலும் உதியன்குளங்கரையிலும் அமரவிளையிலும் உள்ள நம் தாய்மார் மூன்று தலைமுறையாக இவற்றை ஏன் விடாமல் படித்து வந்தனர்? இவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்தால் நெடுந்தூரம் பின்னோக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது.

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதலில் வைத்தார். கலித்தொகையின் குறிஞ்சிக் கலியில் ஒரு காட்சி உண்டு. தண்ணீர் கேட்டு வீட்டு வாயிலில் நின்ற இளைஞன், நீர் கொண்டு வந்த பெண்ணின் கையைப் பற்றிவிடுகிறான். அவள் அலறுகிறாள், தாய் ஓடி வருகிறாள். அந்நொடியிலேயே மகள் பேச்சை மாற்றி, குடித்த நீர் அவனுக்கு விக்கிக்கொண்டது என்று சொல்லிவிடுகிறாள். தாயும் அவன் முதுகைத் தடவிக் கொடுக்க, அந்தக் கள்வன் மகளைக் கடைக்கண்ணால் நோக்கிச் சிரிக்கிறான். குறிஞ்சிக் கலியைப் பாடியவர் கபிலர் என்பது மரபு. கபிலரோ சேர மன்னன் செல்வக் கடுங்கோ வாழியாதனைப் பாடிய புலவர். சேர நாட்டில் வாழும் நாம் இதற்காகச் சற்றே பெருமை கொள்ளலாம். தாயின் முன்னிலையிலேயே காதலைக் காப்பாற்றித் தந்தது அங்கே ஒரு சிரிப்பு. பிற்காலத்து நாவல்களும் நம் கூடங்களுக்குள் இவ்வழியாகவே நுழைந்தன என்பது எம் துணிபு. அழுகையோடு வந்த காதலைப் பெரியவர்கள் வாயிலிலேயே நிறுத்தினர். சிரிப்போடு வந்ததற்குத் திண்ணையில் இடம் கொடுத்தனர்.

தமிழிலும் மலையாளத்திலும் நாவல் தோன்றிய காலத்தை நோக்கின், வியப்பான ஓர் ஒற்றுமை தென்படும். தமிழின் முதல் நாவலாகிய ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879ஆம் ஆண்டில் அச்சேறியது. எழுதியவர் மாயவரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை. மலையாளத்தில் ‘இந்துலேகா’ 1889ஆம் ஆண்டில் வெளிவந்தது. எழுதியவர் பரப்பனங்காடியில் முன்சீபாக இருந்த ஓ. சந்துமேனோன். பாகப்பிரிவினை வழக்குகளையும் வரப்புத் தகராறுகளையும் நாள்தோறும் கேட்டுச் சலித்த இரு நீதிபதிகள் மாலையில் வீடு திரும்பிக் காதலையும் கேலியையும் எழுதியிருக்கின்றனர்! பிரதாபனுக்கும் ஞானாம்பாளுக்கும் மணம் பேசி முடித்த பின்னர், மணமக்கள் யார் வீட்டில் வாழ்வது என்று தந்தையர் இருவரும் சண்டையிட்டுக் கொள்வதை ஒரு முன்சீபைத் தவிர வேறு எவரால் அவ்வளவு நயமாக எழுதியிருக்க முடியும்?

சந்துமேனோன் எழுதப் புகுந்த வரலாறும் நமக்குப் பொருத்தமானதே. ஆங்கில நாவல்களைப் படித்த அவர், அக்கதைகளை ஆங்கிலம் அறியாத தம் வீட்டாருக்கு வாய்மொழியாகச் சொல்லி வந்தார். அவர்களுக்காக டிஸ்ரேலியின் நாவல் ஒன்றை மொழிபெயர்க்க முயன்று, அது சரிவராமையால் சொந்தமாகவே ஒன்றை எழுதினார். படித்த இளைஞன் மாதவன், அறிவுமிக்க இந்துலேகா, இருவருக்கும் இடையே வந்து விழும் சூரி நம்பூதிரிப்பாடு. கதகளிப் பித்தும் பெண் பித்தும் கொண்ட அந்த நம்பூதிரி இந்துலேகாவை மணக்க வந்து, அவளிடம் வாயடைபட்டு, ஈற்றில் வேறொரு பெண்ணை மணந்து இரவோடு இரவாகக் கூட்டிச் செல்கிறார். கதையின் காதலை மறந்தவர்களும் அந்த நம்பூதிரியை மறப்பதில்லை. பெண்ணின் விருப்பத்தைக் கேளாமலே சம்பந்தம் முடித்த வழக்கத்தை நேராகச் சாடியிருந்தால் அன்று எத்தனை தறவாடுகளில் அந்நூல் படிக்கப்பட்டிருக்கும்? சிரிக்க வைத்ததனால் நூல் உள்ளே சென்றது. உள்ளே சென்ற பின்னர் தன் வேலையைச் செய்தது.

திருவனந்தபுரத்தில் வாழ்ந்த சி. வி. இராமன் பிள்ளை 1891இல் ‘மார்த்தாண்டவர்மா’ எழுதிப் புகழ் பெற்றார். அவரும் வாளையும் படையையும் ஒருபுறம் வைத்துவிட்டு ‘பிரேமாமிருதம்’ என்றொரு சமூக நாவலைக் கேலியும் கிண்டலுமாக எழுதினார். ஆயினும் அவரைப் படிக்கச் சமஸ்கிருதப் பயிற்சி வேண்டும். நம் தாய்மாருக்கு அது எட்டவில்லை.

அவர்களுக்கு எட்டியது சென்னையிலிருந்து வந்தது. 1926இல் தொடங்கப் பெற்ற ‘ஆனந்த விகட’னை 1928இல் எஸ். எஸ். வாசன் ஏற்றுக்கொண்ட பின்னர், தமிழகத்தில் குடும்பமாக அமர்ந்து படிக்கும் வழக்கம் பெருகிற்று. கல்கி, எஸ். வி. வி., தேவன் என்போர் பெயர்களைக் கேட்ட மாத்திரத்தில் நம் முதியோர் முகத்தில் இன்றும் புன்னகை அரும்புவதைக் காணலாம். எஸ். வி. வி. திருவண்ணாமலையில் வக்கீலாக இருந்தவர். (நீதிமன்றத்துக்கும் நகைச்சுவைக்கும் உள்ள தொடர்பைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம் போலும்.) அவர் எழுதிய காதல் பெரும்பாலும் கல்யாணத்துக்குப் பின்னர் வருவது. கணவனும் மனைவியும் காப்பிக்கும் புடைவைக்கும் ஊடிக்கொள்ளும் அந்தக் காதலை மாமியார் முன்னிலையிலும் உரக்கப் படிக்கலாம். படித்தனர். கேட்ட மாமியாரும் சிரித்தார். அவர் சிரித்தமையால் மருமகளின் வேலை அன்று மாலை சற்றுக் குறைந்தது என்று எம் சங்கத்து மூதாட்டி ஒருவர் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

1942 முதல் தம் இறுதிக் காலமாகிய 1957 வரை விகடனின் பொறுப்பில் இருந்த தேவனோ, அசட்டுத் துப்பறிவாளன் சம்புவையும் அவன் மனைவி வேம்புவையும் படைத்தவர். அசடன் ஒருவனை ஊரே மேதை என்று கொண்டாடுவதும், உண்மையறிந்த மனைவி அவனிடம் அன்பு குறையாதிருப்பதும் பெண் வாசகர்க்கு எத்துணை நெருக்கமான செய்தி! அழகனையும் வீரனையும் தேடித் தரும் கதைகள் பல உண்டு. வாய்த்தவனையே சிரித்துக்கொண்டு நேசிக்கக் கற்பிக்கும் கதைகள் சிலவே. ஆங்கிலத்தில் ஜேன் ஆஸ்டின் 1813இல் வெளியிட்ட ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ இன்றளவும் அலுக்காமைக்கும் காரணம் இதனை ஒத்ததே. ஐந்து பெண்களைப் பெற்ற வீட்டின் சொத்துக் கவலையை அந்த அம்மையார் சிரிப்பில் பொதிந்து கொடுத்தார். சீதனக் கவலை அறிந்த நம் ஊரார்க்கு அது அயல்நாட்டுக் கதையாகத் தோன்றாது.

இனி, சிரிப்பும் காப்பாற்றாத ஒரு காதற் கதையைச் சொல்ல வேண்டும். அது நமக்கு மிக அருகில், நெய்யாற்றின்கரையிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள் அமைந்த திருவனந்தபுரம் மத்தியச் சிறையில் பிறந்தது. திவான் சர். சி. பி. இராமசாமி ஐயரின் ஆட்சியைச் சாடி எழுதியமைக்காகச் சிறைப்பட்டிருந்த வைக்கம் முகம்மது பஷீர், 1942இல் அங்கிருந்தபடியே ‘பிரேமலேகனம்’ என்னும் சிறு நாவலை எழுதினார். சிறைக்குள் ஒருவர் எழுதியதைப் பார்த்தால் கோபமோ துயரமோ கொப்பளிக்கும் என்றே எவரும் நினைப்பர். இதிலோ ஒரு கடுஞ்சொல்லும் இல்லை. கேசவன் நாயர் வங்கியில் வேலை பார்க்கும் இளைஞன். அவன் வாடகைக்குக் குடியிருக்கும் வீட்டுக்காரரின் மகள் சாராம்மா, கிறிஸ்தவப் பெண்; படித்தும் வேலை கிடைக்காதவள். அவளுக்கு அவன் ஒரு வேலை தர முன்வருகிறான். வேலை வேறொன்றுமன்று, அவனைக் காதலிப்பதே! அதற்கு மாதச் சம்பளமும் உண்டு. தேவனின் சம்புவும் வங்கிக் குமாஸ்தாவாக இருந்தவன் என்பது இங்கு நினைவுக்கு வருகிறது. அக்காலத்து வங்கிகளில் கணக்கைவிடக் கனவே மிகுதியாகப் புழங்கிற்றோ, அறியோம். பின்னர் இருவரும் பிறக்கப் போகும் குழந்தைக்குப் பெயர் தேடுகின்றனர். இந்துப் பெயரும் வேண்டா, கிறிஸ்தவப் பெயரும் வேண்டா என்று வாதாடி, ‘ஆகாச மிட்டாய்’ என்று முடிவு செய்கின்றனர். சீதனம், மதம், வேலையின்மை என்னும் மூன்று பெருஞ்சுமைகளை ஒரு மிட்டாயின் எடையாக்கிக் காட்டியிருக்கிறார் பஷீர்.

நூல் 1943இல் வெளிவந்தது. 1944இல் திருவிதாங்கூர் அரசு அதனைத் தடை செய்தது. பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்தவை. ஆகவே நம் ஊரார்க்கும் அந்நூல் குற்றப் பொருளாயிற்று. படைகளும் சிறைகளும் உடைய ஓர் அரசு, மாடியறையில் அமர்ந்து மிட்டாய்க்குப் பெயரிடும் இருவரைக் கண்டு அஞ்சியதை இன்று நினைத்தால் நகைப்பே வருகிறது. எனினும் அந்த அச்சத்தில் ஒரு கணக்கு இருந்தது. அண்ணன் கோயிலுக்கும் தம்பி சபைக்கும் செல்லும் குடும்பங்கள் நம் பகுதியில் புதியன அல்ல. ஜான் ஆப்ஸ் பாதிரியார் பாறசாலையில் பணியாற்றிய 19ஆம் நூற்றாண்டு முதலே நாம் அவ்வாறுதான் வாழ்கிறோம். அடுத்தடுத்து வாழ்தல் வேறு, கலந்து மணத்தல் வேறு. கேசவன் நாயரும் சாராம்மாவும் அந்த வேலியின் மேல் ஏறி அமர்ந்து காலை ஆட்டிக்கொண்டு சிரித்தனர். வேலியைக் காப்பவர்க்கு அதைவிட எரிச்சலூட்டுவது யாதுளது?

அடுத்த ஆண்டே, அதாவது 1945இல், பி. என். பணிக்கர் 47 கிராம நூலகங்களைக் கூட்டித் திருவிதாங்கூர்க் கிரந்தசாலைச் சங்கத்தை அம்பலப்புழையில் தொடங்கினார். நூலகங்கள் பெருகின, கதைகளும் பெருகின. 1955இல் முட்டத்து வர்க்கியின் ‘பாடாத்த பைங்கிளி’ வெளிவந்தபோது மலையாள நாட்டில் படிக்கத் தெரிந்த பெண்களெல்லாம் அதனைப் படித்தனர் என்று சொன்னாலும் மிகையாகாது. அதனை 1957இல் திரைப்படமாக்கியவர் நாகர்கோவிலில் பிறந்த பி. சுப்பிரமணியம், அவருடைய மெரிலாண்ட் ஸ்டூடியோ இருந்ததோ நம் நெய்யாற்றின்கரைச் சாலையில் உள்ள நேமத்தில். அந்நாவலின் பெயரைக் கொண்டே எளிய காதற் கதைகளுக்கெல்லாம் ‘பைங்கிளி’ என்று இகழ்ச்சியாகப் பெயரிட்டனர் மலையாள விமர்சகர். தமிழில் அச்சொல்லுக்கு உள்ள அழகை அறிந்த நமக்கு அது வசையாகவே கேட்பதில்லை.

இடையே 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வந்து போயிற்று. விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீசுவரம் ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட தாலுகாக்களுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று. அது கேரளத்திலேயே நின்றது. களியக்காவிளை அந்தப் பக்கம், இஞ்சிவிளை இந்தப் பக்கம். உறவும் சந்தையும் எல்லையைக் கடந்து நடந்துகொண்டிருந்தன. ஆனால் பள்ளிக்கூடம் கடக்கவில்லை. நம் பிள்ளைகளிற் பலர் மலையாள எழுத்தில் படித்தனர். வீட்டில் தமிழ் பேசினர். எழுதப் படிக்க அறியாராயினர்.

நம் காலனியில் ஒரு வீட்டில் நிகழ்ந்ததை இங்குக் குறிக்க விரும்புகிறோம். பாட்டியார் ஒருவர் வார இதழ்களில் வந்த தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்தெடுத்து, வரிசைப்படுத்தி, கோணி ஊசியால் தைத்து வைத்திருந்தார். மாலைதோறும் பேத்திக்கு ஒரு அத்தியாயம் படித்துக் காட்டுவார். கதாநாயகனும் கதாநாயகியும் சண்டையிடும் இடத்தில் தாமே சிரித்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, “மீதி நாளைக்கு மக்களே” என்று எழுந்துவிடுவார். பேத்திக்கு நாளை வரை பொறுக்கவில்லை. மலையாளப் பள்ளியில் படித்த அப்பெண், கேட்டு மனப்பாடமான பழைய அத்தியாயங்களை எடுத்து, எந்த ஒலிக்கு எந்த எழுத்து என்று தானே ஒப்பிட்டுப் பார்த்துத் தமிழ் எழுத்தைக் கற்றுக்கொண்டாள். திருக்குறளைக் காட்டி அவளுக்குத் தமிழ் சொல்லித்தர முயன்று தோற்ற தந்தையார் இன்றும் நம்மிடையே இருக்கிறார். அவர் இக்கட்டுரையைப் படித்துச் சினங்கொள்ளார் என நம்புகிறோம்.

நம் வட்டாரத் தமிழிலேயே எழுதப்பெற்ற காதற் கதையும் ஒன்று உண்டு. திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியையாக இருந்த ஹெப்சிபா ஜேசுதாசன் 1964இல் வெளியிட்ட ‘புத்தம் வீடு’ அது. பனையேறியின் மகனை விரும்பும் லிஸியின் கதையை நகைச்சுவை நாவல் என்று சொல்ல ஒண்ணாது. ஆனால், நாம் பேசும் பேச்சை அச்சில் கண்டபோது நம் வீட்டுப் பெண்கள் வாய்விட்டுச் சிரித்தனர். நம் வீட்டுப் பேச்சும் கதையாகும் என்று அவர்கள் அறிந்துகொண்ட மகிழ்ச்சி அது. 1969இல் தொடங்கிய ‘ராணி முத்து’ போன்ற மலிவுப் பதிப்புகளும், பிற்காலத்தில் ரமணிசந்திரனின் நாவல்களும் களியக்காவிளைப் பேருந்து நிலையம் வழியாக நம் வீடுகளை அடைந்தன. இந்நாளில் இளம் பெண்கள் அலைபேசியிலேயே படிக்கின்றனர். தலையணைக்கு அடியில் ஒளிக்க அதுவும் வசதியாகவே இருக்கிறது போலும்.

மேலே குறித்த பாட்டியார் தைத்து வைத்த பொதிகளுள் மூன்றினை அக்குடும்பத்தார் நம் சங்க நூலகத்துக்கு அன்பளித்துள்ளனர். இரண்டு முழுமையாக உள்ளன. மூன்றாவதில் முன்னட்டையும் ஆசிரியர் பெயரும் இல்லை; கடைசி அத்தியாயமும் கரையானுக்கு இரையாயிற்று. இரயில் நிலையத்தில் காதலன் தவறான வண்டியில் ஏறிவிட, காதலி நடைமேடையில் நின்று சிரிக்கும் இடத்தோடு அது நின்றுபோகிறது. இக்கதையை முன்பு படித்தவர் எவரேனும் இருப்பின், முடிவைச் சங்கச் செயலாளரிடம் நேரிலோ கடிதம் மூலமோ தெரிவிக்க வேண்டுகிறோம். பேத்தியார் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.