பதுளை ரயில் பாதை: விசைகளும் அதிர்வுகளும்

கொழும்பில் தொடங்கும் இலங்கையின் பிரதான ரயில் பாதை ஊவா மாகாணத் தலைநகரான பதுளையில் முடிகிறது. 1894இல் பண்டாரவளையை எட்டிய இப்பாதைக்கு, பதுளையைத் தொட மேலும் 30 ஆண்டுகள் பிடித்தன; 1924இல்தான் அங்கே ரயில் வந்தது. தோட்ட மக்கள் ‘கோச்சி’ என்று சொல்லும் ரயில், இந்த மலைச்சரிவில் மூன்று சவால்களைச் சந்திக்கிறது: கீழே இழுக்கும் எடை, வெளியே தள்ளும் வளைவு, ஓயாத அதிர்வு.

சரிவு

கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,898 மீட்டர் உயரத்தில் பட்டிப்பொல அருகே உச்சியைத் தொடும் பாதை, பதுளையை அடைவதற்குள் 1,200 மீட்டருக்கும் மேல் இறங்குகிறது. செங்குத்தான இடங்களில் சரிவு 44க்கு 1. அத்தகைய சரிவில் 300 தொன் எடையுள்ள ரயிலைக் கீழ்நோக்கி இழுக்கும் விசை, ஏறத்தாழ 6.8 தொன் எடைக்குச் சமம். ஏறும்போது எஞ்சின் அதை வெல்ல வேண்டும். இறங்கும்போது பிரேக் அதைத் தாங்க வேண்டும். மழையில் தண்டவாளம் நனைந்தால் சில்லின் பிடிமானம் குறைந்து வழுக்கும்.

வளைவு

மிகக் கூர்மையான வளைவுகளின் ஆரம் ஏறக்குறைய 100 மீட்டர்தான். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் அதில் திரும்பும் பெட்டியை, அதன் எடையில் இருபதில் ஒரு பங்கு விசை வெளிப்புறம் தள்ளும். வேகத்தை இரட்டித்தால் விசை நான்கு மடங்காகி, எடையில் ஐந்தில் ஒரு பங்காகும். இதை ஈடுசெய்யவே வெளித் தண்டவாளத்தை உயர்த்திப் போடுகிறார்கள்.

தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் 1,676 மி.மீ. ஆகவே ஒரு முழு வட்டம் சுற்றினால் வெளிச்சில்லு உட்சில்லைவிட 10 மீட்டருக்கும் அதிகமாக ஓட வேண்டும். இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பொருந்தியவை என்பதால் ஏதாவது ஒன்று சறுக்கியே ஆக வேண்டும். வளைவில் கேட்கும் கிறீச்சொலி, சில்லுகள் தண்டவாளத்தில் சறுக்கும்போது எழும் அதிர்வு. 1927இல் வந்த ‘கரட்’ நீராவி எஞ்சினில், இரண்டு சில்லுத் தொகுதிகள் தனித்தனியே திரும்பின. அதனால் நீளமான எஞ்சினும் குறுகிய வளைவில் வளைந்து கொடுத்தது.

அதிர்வு

கப்பலைப் போலவே ரயில் பெட்டியும் மேலும் கீழும் எழுந்து தாழும், முன்பின் சாயும், பக்கவாட்டில் உருளும், இடவலமாகத் திரும்பும். கப்பலை அலை அசைக்கிறது. பெட்டியைத் தண்டவாள இணைப்புகளும் மேடுபள்ளங்களும் அசைக்கின்றன. இணைப்புகள் 13 மீட்டருக்கு ஒன்றாக இருந்து, பெட்டியின் சுருள்வில் வினாடிக்கு ஒருமுறை ஆடும் இயல்புடையதானால், மணிக்கு 47 கி.மீ. வேகத்தில் இரண்டும் ஒத்திசைந்து ஆட்டம் பெருகும். மெதுவாகப் போவது வளைவுக்கு மட்டுமல்ல, இதற்கும் நல்லது. தண்டவாளத்தின் அடியில் கிடக்கும் சல்லிக்கல் அதிர்வை உறிஞ்சுகிறது. சேறு புகுந்தால் அந்தத் திறன் குறைகிறது.

ஒன்பது வளைவுப் பாலம்

எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே 1921இல் கட்டி முடிக்கப்பட்ட இப்பாலம் சுமார் 91 மீட்டர் நீளமும் 24 மீட்டர் உயரமும் உடையது. பாலத்தின் வில் போன்ற வளைவின் மேல் ஏறும் எடை, கற்களை ஒன்றோடொன்று நெருக்கும் அழுத்தமாக மாறித் தூண்கள் வழியே நிலத்துக்கு இறங்குகிறது. கல்லும் சீமெந்தும் நன்றாகத் தாங்குவது அழுத்தத்தையே; எஃகு இன்றி இப்பாலம் நிற்பது அதனால்தான். பாலத்தின் பெரும் எடையும் விறைப்பும் ரயிலின் அதிர்வை அடக்குகின்றன.

தெமோதரைச் சுற்று

தெமோதரை நிலையத்தைத் தாண்டிய பாதை, மலையைச் சுற்றி இறங்கி, அதே நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கம் வழியே வெளியேறுகிறது. தோட்டக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டியதைப் பார்த்தே இந்த யோசனை பிறந்தது என்பது ஊர் வழக்கு. கதை எப்படியானாலும் கணக்கு தெளிவானது: ஒரே உயரத்தை நீண்ட தூரத்தில் இறங்கினால் சரிவு தணியும்.

பராமரிப்பு

வடகீழ்ப் பருவமழையில் ஊவாவின் சரிவுகளில் மண் சரிகிறது, சல்லிக்கல் அரிக்கப்படுகிறது. பாதையைக் காப்பவை எஞ்சினின் வலிமையைவிட மூன்று எளிய காரியங்கள்: வேகக் கட்டுப்பாடு, தடையற்ற வடிகால், தண்டவாளத்தோடு நடந்து தளர்ந்த ஆணியையும் தாழ்ந்த இணைப்பையும் பார்த்து இறுக்கும் பணியாளரின் கண். நூறாண்டுப் பழைய இந்தப் பாதை இன்னும் ஓடுவதற்கு அந்த நடைக்கே முதல் நன்றி.