உடைதான் காரணம் என்றார்கள்

கிணற்றில் நீச்சல் பழகிய பெண்களுக்கு நனைந்த பாவாடையின் கனம் தெரியும். காலைச் சுற்றும், கீழே இழுக்கும். நானும் அப்படித்தான் பழகினேன். கூடவே குதித்த அண்ணன்மார் அரைக்கால் சட்டையோடு எனக்கு முன்னால் படியேறிவிடுவார்கள். நீச்சலுடையில் நியாயம், அநியாயம் என்ற பேச்சு 2008இல்தான் கிளம்பியது என்று யாராவது எழுதும்போது எனக்கு அந்தக் கிணறுதான் நினைவுக்கு வரும்.

ஒலிம்பிக் நீச்சலில் பெண்கள் முதன்முதலாக இறங்கியது 1912இல், ஸ்டாக்ஹோமில். 100 மீட்டரில் தங்கம் வென்றவர் ஆஸ்திரேலியாவின் ஃபேனி டுராக். வெள்ளி அவருடைய தோழி மினா வைலிக்கு. இருவரும் அங்கே போய்ச் சேர்ந்ததே பெரும்பாடு. ஆண்கள் பார்க்கும் இடத்தில் பெண்கள் போட்டியில் நீந்தக் கூடாது என்பது அவர்கள் ஊர்ப் பெண்கள் நீச்சல் சங்கத்தின் விதி. அந்தச் சங்கத்தின் தலைவர் ரோஸ் ஸ்காட். நியூ சவுத் வேல்ஸ் பெண்களுக்கு 1902இல் வாக்குரிமை கிடைக்கப் போராடியவர்களில் முன்வரிசைப் பெண்மணி! விதி தளர்த்தப்பட்டபோது அவர் பதவியை விட்டு விலகினார். அவரை எளிதாகத் திட்டிவிட முடியவில்லை என்னால். ஈர உடையில் நிற்கும் பெண்ணை ஆண்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று அவர் பயந்தது பொய்யான பயமல்ல. ஆனால், பார்ப்பவனை விட்டுவிட்டு நீந்துபவளைத் தடுத்தார்.

இருபது வருடம் கழித்து, 1932 லாஸ் ஏஞ்சலிஸில், பதினாறு வயது கிளேர் டென்னிஸ் தோள்பட்டை எலும்பு தெரிகிற உடை அணிந்தார் என்று ஆட்சேபம் எழுந்தது. அது தள்ளுபடியாகி, 200 மீட்டர் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் அவர் தங்கம் வாங்கினார். தோளை மூடாவிட்டால் கை தடையில்லாமல் சுழலும் என்பது உடையைத் தைத்தவர்களுக்குத் தெரியும். நடுவர்களின் கவலையோ வேறு.

நான் சொல்ல வந்த கதை 1973இல் நடக்கிறது. பெல்கிரேடில் முதல் உலக நீச்சல் போட்டி. முந்தைய ஆண்டு மியூனிக் ஒலிம்பிக் நீச்சலில் கிழக்கு ஜெர்மனிப் பெண்களுக்கு ஒரு தங்கம்கூட இல்லை. பெல்கிரேடிலோ பெண்களுக்கான 14 பந்தயங்களில் பத்தை அவர்களே அள்ளினார்கள். உடம்போடு ஒட்டிய, மெல்லிய லைக்ரா உடையில் வந்திருந்தார்கள். அமெரிக்கப் பெண்கள் அணிந்திருந்ததோ மானம் காக்க முன்பக்கம் சிறு மடிப்புப் பாவாடை வைத்த நைலான். நீந்தும்போது அந்த மடிப்பில் தண்ணீர் மோதும். கழுத்து தளர்ந்திருந்தால் உடைக்குள்ளும் தண்ணீர் புகும்.

ஆகவே, உடைதான் காரணம் என்றார்கள். நனைந்தால் உள்ளே தெரிகிறது, வெட்கக்கேடு என்று ஒரு பக்கம். அதே உடை எங்களுக்கும் வேண்டும் என்று இன்னொரு பக்கம். சில வருடங்களில் எல்லா நாட்டுப் பெண்களும் அதற்கு மாறினார்கள். உடை சமமாகிவிட்டது. 1976 மான்ட்ரியலில் பெண்களுக்கான 13 தங்கங்களில் 11 மறுபடியும் கிழக்கு ஜெர்மனிக்கே.

அப்போது வாய்திறந்தவர் அமெரிக்காவின் ஷெர்லி பாபஷோஃப். போட்டியாளர்களின் தசைகளைப் பாருங்கள், குரலைக் கேளுங்கள் என்றார். பத்திரிகைகள் அவருக்குச் சிடுமூஞ்சி ஷெர்லி என்று பட்டம் கட்டின. தோற்ற பெண் வாயைத் திறந்தால் அது பொறாமை. பொதுப்புத்திக்கு அதற்கு மேல் யோசிக்கத் தேவையிருக்கவில்லை.

பெர்லின் சுவர் விழுந்த பிறகு ஆவணங்கள் வெளிவந்தன. ஓரல் டூரினாபால் என்ற நீல மாத்திரை. ஆண் ஹார்மோன் வகை. வைட்டமின் என்று சொல்லிச் சிறுமிகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அரசே திட்டம் போட்டு, மருத்துவர்களே அளவு குறித்து நடத்திய வேலை. 2000இல் பெர்லின் நீதிமன்றம் விளையாட்டுத் துறைத் தலைவர் மான்ஃப்ரெட் எவால்டையும் மருத்துவர் மான்ஃப்ரெட் ஹோப்னரையும் குற்றவாளிகள் என்றது. தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது, இருவரும் சிறைக்குப் போகவில்லை. நீந்திய சிறுமிகள் நடுத்தர வயதுப் பெண்களாகி, தங்கள் உடம்புக்கு நேர்ந்ததை அந்த நீதிமன்றத்தில் எழுந்து நின்று சொன்னார்கள். உடை எவ்வளவு தெரியவைக்கிறது என்று உலகமே உற்றுப்பார்த்துக்கொண்டிருந்த வருடங்களில், அந்த உடைக்குள் இருந்த குழந்தைகளுக்கு என்ன செய்கிறார்கள் என்று கேட்டவர்கள் சொற்பம்.

2008 கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஸ்பீடோ நிறுவனம் நாசாவின் காற்றுச் சுரங்கத்தில் துணிகளைச் சோதித்து எல்இசட்ஆர் ரேசரைக் கொண்டுவந்தது. பாலியூரித்தேன் பட்டைகள் உடம்பை இறுக்கிப் பிடித்து வழவழப்பாக்கும். தண்ணீரில் உடல் சற்று மேலே நிற்கும். மாட்டிக்கொள்ளவே அரைமணி நேரம் பிடிக்கும், விலையோ ஐநூறு டாலருக்கு மேல். பணக்கார நாட்டு அணிகள் வாங்கின. பெய்ஜிங்கில் 25 உலக சாதனைகள். மறு ஆண்டு ரோமில், முழுக்கப் பாலியூரித்தேனால் ஆன உடைகளோடு, 43.

அந்த ரோமில்தான் மைக்கேல் ஃபெல்ப்ஸ், பால் பீடர்மனிடம் 200 மீட்டரில் தோற்றார். உடையும் தனக்கு உதவியது என்பதைப் பீடர்மன் மறைக்கவில்லை. ஃபெல்ப்ஸின் பயிற்சியாளர் பாப் போமன், இந்த உடைகள் ஒழியும்வரை ஃபெல்ப்ஸ் சர்வதேசப் போட்டிகளில் நீந்த மாட்டார் என்று மிரட்டினார். அவரை யாரும் சிடுமூஞ்சி என்று அழைத்ததாகத் தெரியவில்லை. தடை செய்யும் முடிவு அந்தப் பந்தயத்துக்குச் சில நாள் முன்பே எடுக்கப்பட்டுவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எந்தத் தேதியிலிருந்து என்பதில்தான் இழுபறி. 2010 ஜனவரி 1 முதல் நெய்த துணி மட்டுமே. ஆண்களுக்கு இடுப்பிலிருந்து முழங்கால் வரை, பெண்களுக்குத் தோளிலிருந்து முழங்கால் வரை.

பழைய உடையில் படைத்த சாதனைகளை அழிக்கவில்லை. ரோமில் ஃபெடரிகா பெல்லெக்ரினி 200 மீட்டரில் நிறுவிய 1:52.98 என்ற நேரத்தை, துணி உடையில் ஒரு பெண் முறியடிக்க 2023 வரை ஆனது. ஆஸ்திரேலியாவின் மோலி ஓகாலகன், 1:52.85.

மான்ட்ரியல் பதக்கங்களும் அப்படியே இருக்கின்றன. பாபஷோஃப் அங்கே வாங்கிய நான்கு வெள்ளிகளும் கிழக்கு ஜெர்மனிக்கு அடுத்து வந்தவை. பதிவேட்டில் அவை இன்றும் வெள்ளிதான்.