ரகரமா, காலா?

பொறிக்கு எழுத்தறிவிக்க எழுத்தின் படம் மட்டும் போதாது. ஒவ்வொரு படத்திற்கும் 'இஃது இன்ன எழுத்து' என்று ஒருவர் பெயர் குறித்துத் தருதல் வேண்டும். அச்சுத் தமிழைக் கணிப்பொறி அறியும் முறையைச் சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் உடனாய்வாளர் இருவரும் 1978ஆம் ஆண்டிலேயே வெளியிட்டனர். கையெழுத்தின் முறை பின்னரே வந்தது. பெங்களூர் எச்.பி. ஆய்வகத்தார் பலரை எழுதச்செய்து திரட்டிய தொகுப்பு 2006இல் பன்னாட்டுப் போட்டிக்கு வைக்கப்பட்டது. அதில் வடிவங்கள் 156 மட்டுமே. 'கொ' என்னும் எழுத்தின் கொம்பும் ககரமும் காலும் தனித்தனியே எண்ணப்பட்டமையால் 247 என்னும் தொகை சுருங்கிற்று.

இடரும் அங்கேதான் பிறந்தது. பலர் கையெழுத்தில் காலும் ரகரமும் ஒன்றே போலும்! ஏட்டுச்சுவடிகளிலும் இவ்விரண்டும் வேறுபாடின்றி நின்றன, புள்ளியும் இராது. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், முன்பின் சொற்களையும் பொருளையும் நோக்கியே பாடத்தைத் துணிய வேண்டியிருந்தது. தனித்து நறுக்கிய படத்திற்கு முன்னேது, பின்னேது? எழுதியவர்க்கு எவ்வெழுத்தை எழுதுமாறு கூறப்பட்டது என்னும் குறிப்பு ஒன்றே சான்று.

துவாரகையினின்று நாள்தோறும் அலுவலகம் சென்று கோப்புகளுக்குத் தலைப்பெழுதும் எழுத்தன் யான். தலைப்புப் பிழைத்த கோப்பு அலமாரியிலேயே இருந்தும் தொலைந்துபோதலைக் கண்டிருக்கிறேன். ஆயினும் அதனைத் தேடுவோர் என்றேனும் கண்டு திருத்துவர். ரகரம் எனப் பெயரிடப்பட்ட காலையோ, பொறி ஐயமின்றி ரகரமாகவே கற்றுக்கொள்ளும்.