குருணைப் பொருள்கள் (வடசென்னைக் கடற்கரை)

தனித்தனியே நோக்கினால் கெட்டியான துகள்களாயிருப்பினும், திரளாய்ச் சேர்ந்தபோது ஒரு வேளை நீர்போல் ஓடியும் ஒரு வேளை சுவர்போல் நின்றும் இருவகை ஸ்வபாவம் காட்டுகின்ற மணல், உப்பு, தானியம், நிலக்கரி, உரம் முதலியவை குருணைப் பொருள்கள் எனப்படும். சூரியனது மேற்பரப்பில் பொங்கி அடங்கும் பரல்களையும், வெள்ளணுக்களுள் ஒரு வகையையும், கணிப்பொறித் துறையில் விவரங்களைப் பகுக்கும் நுணுக்கத்தையும் குருணை என்னும் உவமையாலேயே குறிப்பதுண்டு. அவை இங்கு வேண்டா. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீளும் கரையில் இப்பொருள்களின் சரித்திரத்தைக் கண்ணாலேயே காணலாம்.

அவற்றுள் பழையது உப்பு. 1805-இல் கிழக்கிந்தியக் கும்பெனியார் சென்னை ராஜதானியில் உப்பைத் தம் ஏகபோகமாக்கிக் கொண்டனர். பிற்காலத்தில் பக்கிங்காம் கால்வாய் எனப் பெயர்பெற்ற நீர்வழியில், எண்ணூர்ப் பக்கத்து அளங்களின் உப்பு படகேறி நகரத்துக்கு வந்தது. சால்ட் கோட்டர்ஸ் என்னும் சரக்கு நிலையத்தின் பெயரில் அந்த வாணிபம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாத்தியில் விளைந்த உப்பைப் பலகையால் வாரி வரப்பில் கொட்டும்போது, அம்பாரம் எவ்வளவு உயர்ந்தாலும் அதன் சரிவு மட்டும் ஏறக்குறைய மாறுவதில்லை. செங்குத்தாக்க முயன்றால் மேலுள்ளது வழிந்து அடியை அகலமாக்கும். துகளோடு துகள் உராய்வதே இதற்குக் காரணம். மண்ணின் உராய்வைப் பற்றி பிரான்ஸ் தேசத்துக் கூலோம் 1773-இல் ஆராய்ந்தார். களஞ்சியத்தில் தானியத்தின் பாரத்தில் ஒரு பங்கைப் பக்கச் சுவர்களே தாங்கிவிடுவதை ஜெர்மானியப் பொறியாளர் யான்சென் 1895-இல் அளந்து காட்டினார்.

ஆயினும் இக்கரையின் தலைவிதியை எழுதியது மணலே. தென்மேற்குப் பருவத்தில் அலைகள் மணலை வடக்கேயும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கேயும் தள்ளுகின்றன. ஆண்டுக் கணக்கில் வடக்கே செல்வதே மிகுதி. இந்தப் பிரவாகத்தின் குறுக்கே 1876-இல் சென்னைத் துறைமுகச் சுவர்கள் எழலாயின. 1881-ஆம் ஆண்டுப் புயல் அவற்றைச் சிதைத்தும் வேலை கைவிடப்படவில்லை. தென்சுவரில் தடுக்கப்பட்ட மணல் அங்கேயே சேர்ந்து கரையை அகலப்படுத்த, 1884-இல் கவர்னர் கிராண்ட் டஃப் அமைத்த மெரினா உலாச்சாலைக்கு முன்னால் கடல் விலகிக்கொண்டே போயிற்று. வரவேண்டிய மணல் வராமற்போன ராயபுரமும் திருவொற்றியூரும் கரையை இழந்தன. நகரத்தார் பெருமை பேசும் மணற்பரப்பில் ஒரு பகுதி, வடக்கே மீனவர்க்குச் சேரவேண்டியிருந்த கரை என்றே சொல்லவேண்டும்! மணல் துறைமுக வாயிலையும் விடவில்லை. கிழக்கு நோக்கியிருந்த வாயில் தூர்ந்து வந்தமையால், 1904-இல் துறைமுகப் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் அதனை மூடி வடகிழக்கு மூலையில் வேறு வாயில் அமைத்தார்கள். பிற்காலத்தில் கரையோரம் கல் கொட்டினார்கள். கொட்டிய இடம் நின்றது, அரிப்பு அதற்கு வடக்கே நகர்ந்தது.

சுதந்திரத்துக்குப் பின் குருணையைச் செய்வதே ஒரு தொழிலாயிற்று. எண்ணூரில் 1963-இலும், மணலியில் 1971-இலும் உர உற்பத்தி தொடங்கியது. பொடியாயிருந்தால் காற்றில் பறக்கும், பெருங்கட்டியாயிருந்தால் வயலில் சமமாக விழாது. ஆகவே சுழலும் உருளையில் ஈரமும் சூடும் காட்டி உருட்டியும், உருகிய யூரியாவைக் கோபுரத்தின் உச்சியிலிருந்து துளித்துளியாய் விழச்செய்து வழியிலேயே இறுகவிட்டும், கையால் தூவத்தக்க மணிகளாக்குகிறார்கள். கடற்காற்றின் ஈரம்தான் இதற்குப் பரம சத்துரு. மூட்டையின் வாய் சற்றுத் திறந்திருந்தால் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிதட்டிப்போகும்.

நிலக்கரியின் கதை சுருக்கமானது. அனல்மின் நிலையத்துக்குக் கரி இறக்குவதையே முக்கிய நோக்கமாகக் கொண்டு எண்ணூர்த் துறைமுகம் 2001-இல் திறக்கப்பட்டது. ராயபுரத்து வீடுகளில் கரித்தூசி படிவதைப் பற்றிய வழக்கில் உயர்நீதிமன்றம் இட்ட ஆணைப்படி, 2011-இல் சென்னைத் துறைமுகத்தில் கரியும் இரும்புத் தாதும் கையாள்வது நின்றது. எரிந்த கரியின் சாம்பல் வேறு வகை. அது மிக நுண்ணியதாகையால் உலர்ந்தபோது சரிந்து குவியாமல் பறக்கிறது. ஆகவே அதனை நீரில் கரைத்துச் சேறாக்கிக் குழாய் வழியே செப்பாக்கம் சாம்பற் குளத்துக்கு அனுப்பினார்கள். குழாய் கசிந்தபோதெல்லாம் அச்சேறு கொசஸ்தலை ஆற்றில் இறங்கிப் படிந்தது.