சிபிஎஃப்0000: எல்லா பிழையையும் விழுங்கின ஒரு வரி

வேலைக்குச் சேர்ந்த புதுசுல, கறுப்புத் திரையில பச்சை எழுத்து ஓடுற ஒரு மெஷின் முன்னாடி என்னை உட்கார வச்சாங்க. ஐபிஎம் ஐ. கணக்கு, சரக்கு எல்லாமே அதுலதான். அதுல ஸ்கிரிப்ட் எழுதுற மொழி சிஎல், அதாவது கன்ட்ரோல் லாங்குவேஜ். இன்னைக்கு அதோட கதை.

1969-ல சின்ன நிறுவனங்களுக்காக ஐபிஎம் கொண்டுவந்தது சிஸ்டம்/3. எந்த புரோகிராம் ஓடணும், எந்த ஃபைல் வேணும்னு துளை போட்ட அட்டைகள்ல, ரெண்டு சாய்கோட்டுல தொடங்குற வரிகளா கொடுக்கணும். 1978 அக்டோபர்ல, மினசோட்டா மாநிலத்து ராச்செஸ்டர்ல உருவான சிஸ்டம்/38 அறிவிக்கப்பட்டது. சிஎல் அதோட பிறந்தது.

இதுல கட்டளைகளுக்கு ஒரு இலக்கணம் இருக்கு. முதல்ல வினை, அப்புறம் பொருள். பெரும்பாலும் மூணு மூணு எழுத்து. டிஎஸ்பி-ன்னா காட்டு, சிஆர்டி-ன்னா உருவாக்கு, டிஎல்டி-ன்னா அழி. பின்னாடி 'லிப்' சேர்த்தா அது லைப்ரரிக்கான கட்டளை. ஒண்ணு தெரிஞ்சா அடுத்ததை ஊகிச்சிடலாம். மறந்துட்டா எஃப்4 அழுத்துங்க, என்னென்ன நிரப்பணும்னு திரையே கேட்கும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது வேற. பாஷ் ஸ்கிரிப்ட்ல ஒரு கட்டளை தோத்தாலும், நாம தடுக்காத வரைக்கும் அடுத்த வரி ஓடிடும். சிஎல் புரோகிராம் நின்னுடும். நின்னு, 'என்ன செய்யட்டும்?'னு ஆபரேட்டரைக் கேட்கும். வேண்டாம்னா மான்மெசேஜ்ங்கிற கட்டளையால எந்தப் பிழையைப் பொறுத்துக்கலாம்னு நாமதான் சொல்லணும். சிபிஎஃப்0000-ன்னு கொடுத்தா, சிபிஎஃப்-ல தொடங்குற அத்தனை பிழையையும் பொறுத்துக்கும்.

நான் அதைத்தான் கொடுத்தேன். ராத்திரி பேக்கப் புரோகிராம் அடிக்கடி நின்னு எல்லாரையும் எழுப்புதேன்னு, மேல ஒரே வரி. எல்லாரும் நிம்மதியா தூங்கினோம். மூணு வாரம் கழிச்சு ஒரு ஃபைலைத் திரும்ப எடுக்கப் போனா, அது சேவ் ஆகவே இல்லை. பேக்கப் ஓடுற நேரத்துல வேறொரு ஜாப் அதைப் பூட்டி வச்சிருந்திருக்கு. ஜாப் லாக்ல தினமும் எழுதியிருந்தது. நாங்க யாரும் பார்க்கல. அந்த மூணு வாரக் கணக்கைக் காகித பில்லைப் பார்த்து மறுபடி டைப் பண்ணோம்.

சிபிஎஃப்-ன்னா என்னன்னு அப்பதான் தேடினேன். கன்ட்ரோல் புரோகிராம் ஃபெசிலிட்டி, சிஸ்டம்/38-ஓட ஆபரேட்டிங் சிஸ்டம் பேரு. 1988-ல ஏஎஸ்/400 வந்தது, 2008-ல ஐபிஎம் ஐ ஆச்சு. பிழைச் செய்தியில மட்டும் அந்தப் பழைய பேரு அப்படியே நிக்குது. அந்த மெஷின் அன்னைலேருந்து சத்தமா சொல்லிட்டுதான் இருக்கு. வாயைக் கட்டினது நான்.

இப்ப மான்மெசேஜ் எழுதுனா, எந்தப் பிழைன்னு நம்பரோட எழுதுறேன்.